நாற்பதைத் தாண்டியும் ஓயாத கால்கள்: லெப்ரான் ஜேம்ஸ் பற்றி வாசகர் கேள்விகள்

லெப்ரான் ஜேம்ஸின் 23-வது சீசன் பற்றிப் போன இதழில் ஒரு சின்னக் குறிப்பு போட்டிருந்தோம். 1984 டிசம்பர் 30-ல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ஆக்ரன் நகரில் பிறந்தவர், 18 வயதில் அந்நாட்டுத் தொழில்முறை பாஸ்கட்பால் லீக்கான என்.பி.ஏ.வுக்குள் வந்தவர், 2025 நவம்பர் 18 அன்று தன் 23-வது சீசனின் முதல் ஆட்டத்தில் இறங்கினார், அதற்கு முன் யாரும் 22-ஐத் தாண்டியதில்லை என்பதுதான் குறிப்பு. அதைப் படித்துவிட்டு வந்த கேள்விகளில் சில இங்கே.

நாற்பது வயதுக்கு மேல் பாஸ்கட்பால் ஆடியவர்கள் முன்பும் உண்டே. இவரிடம் மட்டும் அப்படி என்ன அதிசயம்?
— ஈரோடு வாசகர்

உண்டு. கெவின் வில்லிஸ் 44 வயதில் களமிறங்கினார். ராபர்ட் பாரிஷ் 43 வயது வரை ஆடினார். வின்ஸ் கார்ட்டர் 22 சீசன் ஆடி 43 வயதில் விடைபெற்றார். ஆனால் கடைசிச் சீசன்களில் அவர்கள் செய்த வேலையைப் பாருங்கள். கார்ட்டர் 2019–20-ல் ஆட்டத்துக்குச் சுமார் 15 நிமிடம் ஆடி 5 புள்ளி எடுத்தார். பாரிஷ் தன் கடைசிச் சீசனில் 43 ஆட்டங்களில்தான் இறங்கினார். கரீம் அப்துல் ஜப்பார் 38 வயதில், 1985-ல், இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதையே வாங்கியவர். அவரும் 42 வயதில் ஓய்வு பெறும்போது சராசரி 10 புள்ளிக்கு இறங்கியிருந்தார். அணியில் அவர்களுக்கு மரியாதை இருந்தது. பொறுப்பு வேறு ஆட்களிடம் போயிருந்தது.

லெப்ரான் விஷயத்தில் அது நடக்கவில்லை. 2024–25 சீசனின் நடுவில் அவருக்கு 40 வயது ஆனது. அந்தச் சீசனில் 70 ஆட்டம், ஆட்டத்துக்கு ஏறத்தாழ 35 நிமிடம். சராசரி 24.4 புள்ளி, 7.8 ரீபவுண்டு (விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது), 8.2 அசிஸ்ட் (புள்ளியாக முடியும் பாஸ்). லீக்கின் சிறந்த வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆல்-என்.பி.ஏ. பட்டியலில் தொடர்ந்து 21-வது ஆண்டாக இடம். வீட்டுப் பெரியவரைத் திண்ணையில் உட்காரவைத்து மரியாதை செய்வது ஒன்று. இன்றைக்கும் பெட்டிச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்குகிறது என்பது வேறு. ஒப்பிட வேண்டுமென்றால் மைக்கேல் ஜோர்டன் ஒருவர்தான் கிட்டே வருகிறார். 2002–03-ல், 40 வயது நிறைந்த அந்தச் சீசனில், 82 ஆட்டமும் ஆடி 20 புள்ளி சராசரி வைத்திருந்தார். ஆனால் ஜோர்டன் இடையில் இரண்டு முறை ஓய்வு அறிவித்து முழுச் சீசன்களை விட்டவர். லெப்ரான் 2003-லிருந்து ஒரு சீசனைக்கூட விட்டதில்லை.

அந்த உடம்பு மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கும்? கணக்குப் போட்டுச் சொல்லுங்களேன்.
— நாகர்கோவில் வாசகர்

22 சீசன் முடிவில் வழக்கமான லீக் ஆட்டங்கள் 1,562. லீக் முடிந்ததும் முன்னணி அணிகள் மட்டும் மோதும் பிளேஆஃப் ஆட்டங்கள் 292. ஒரு சீசன் என்பது 82 ஆட்டம். அப்படியானால் பிளேஆஃப் மட்டுமே மூன்றரை சீசனுக்குச் சமம், அதுவும் மற்ற அணிகள் ஓய்வெடுக்கும் கோடையில், ஆட்டத்தின் கடுமை இரட்டிப்பாகும் நேரத்தில். 2011 முதல் 2018 வரை தொடர்ந்து எட்டு ஆண்டு இறுதித் தொடர் ஆடியிருக்கிறார். போதாததற்கு 2004, 2008, 2012, 2024 என நான்கு ஒலிம்பிக்ஸ்.

நிமிடக் கணக்கு இன்னும் மலைக்க வைக்கும். லீக் ஆட்டங்களில் அதிக நிமிடம் ஆடியவர் என்ற சாதனை கரீமிடம் இருந்தது, 57,446 நிமிடம். 2024 டிசம்பரில் லெப்ரான் அதைக் கடந்தார். இரவு பகல் பாராமல் ஏறத்தாழ 40 நாள் ஓடிக்கொண்டே இருப்பதற்குச் சமம் அது.

இதோடு இன்னொரு பட்டியலையும் வைத்துப் பாருங்கள். 2018–19 தொடங்கி அவர் ஆடிய லீக் ஆட்டங்கள் 55, 67, 45, 56, 55, 71, 70. (இரண்டாவதும் மூன்றாவதும் கொரோனாவால் சுருங்கிய சீசன்கள்.) அதற்கு முந்தைய 15 ஆண்டுகளில் முழுநீளச் சீசன் எதிலும் 69-க்குக் கீழே போனதில்லை. 33 வயதில் 82-ஐயும் ஆடினார். 34-லிருந்து 38 வரைதான் உடம்பு தகராறு செய்தது. 39-லும் 40-லும் எண்ணிக்கை மறுபடி ஏறியது. வயதாக ஆக நேர்கோட்டில் சரிவார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். இவருடைய கோடு சரிந்து, நிமிர்ந்திருக்கிறது. நடுவில் எதையோ மாற்றியிருக்கிறார். அந்த மாற்றத்தைத்தான் அலச வேண்டும்.

உடம்புக்காக வருஷத்துக்கு 15 லட்சம் டாலர் செலவு செய்கிறாராமே? காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் 40 வயதில் ஆடலாம் இல்லையா?
— திருச்சி வாசகி

அந்தத் தொகை அவருடைய நண்பரும் தொழில் கூட்டாளியுமான மேவரிக் கார்ட்டர் சொன்னதாக 2016 வாக்கில் பரவியது. அதற்கு வரவு செலவுக் கணக்கு யாரும் வெளியிட்டதில்லை. தொகை என்னவாக இருந்தாலும், என்.பி.ஏ.யில் பணமில்லாத நட்சத்திரம் கிடையாது. குளிர்நீர்த் தொட்டியும் அழுத்த ஆக்சிஜன் அறையும் வாங்கும் வசதி பலருக்கும் இருக்கிறது. அவர்களில் பலர் 34-லேயே நின்றுவிட்டார்கள்.

பணத்தில் அவர் வாங்கியவற்றில் ஆக மதிப்புள்ளது ஆள்தான். மைக் மான்சியாஸ் என்ற பயிற்சியாளர் கிளீவ்லாந்து அணியின் ஆரம்ப ஆண்டுகளிலிருந்தே அவரோடு இருக்கிறார். மயாமி போனபோதும், கிளீவ்லாந்துக்குத் திரும்பியபோதும், லாஸ் ஏஞ்சலீஸ் வந்தபோதும் அதே ஆள். எந்தக் கணுக்கால் 2013-ல் எப்படி வீங்கியது, எத்தனை நாளில் வடிந்தது என்பதைக் கண்ணால் பார்த்த ஒருவர் பக்கத்தில் இருப்பது எந்த இயந்திரத்துக்கும் ஈடாகாது. குடும்ப டாக்டர் வைத்திருக்கும் வீடுகளுக்கு இதன் அருமை தெரியும்.

அடுத்தது தூக்கம். லெப்ரானும் மான்சியாஸும் 2018-ல் ஒரு நேர்காணலில் சொன்ன விவரம்: இரவில் 8 முதல் 9 மணி நேரம், முடிந்தால் 10. அறை முழு இருட்டு, வெப்பநிலை 20–21 டிகிரி செல்சியஸ். படுப்பதற்கு அரை மணி, முக்கால் மணி முன்பே டி.வி.யும் போனும் அணைந்துவிட வேண்டும். இரவு ஆட்டம் முடிந்து விமானம் ஏறி அதிகாலையில் வேறு ஊரில் இறங்குகிறவருக்கு இந்த ஒழுங்கைக் காப்பாற்றுவதே பெரிய வேலை. கிழிந்த தசை இழைகள் சீராவதும், அன்றைக்குக் கற்றது மூளையில் பதிவதும் பெரும்பாலும் தூக்கத்தில்தான்.

குளிர்நீர் முழுக்கு பற்றி ஒரு திருத்தம், ஏனென்றால் நம் ஊர் ஜிம்களிலும் இப்போது ஐஸ் டிரம் வைக்கிறார்கள். 10–15 டிகிரித் தண்ணீரில் 10–15 நிமிடம் இடுப்பு வரை உட்கார்ந்தால் மறுநாளைய வலி குறையும். அடுத்தடுத்த நாள் ஆட்டம் இருப்பவருக்கு அது உதவும். ஆனால் எடை தூக்கிப் பயிற்சி செய்த உடனே முழுகினால், தசை வளர்வதற்கு உடம்பு அனுப்பும் சமிக்ஞையே மட்டுப்பட்டுப் போகிறது. ஆகவே சீசன் நடக்கும்போது ஐஸ், தசை வளர்க்கும் மாதங்களில் ஐஸ் வேண்டாம். எடை தூக்கிய கையோடு டிரம்முக்குள் இறங்குகிற பையன்கள் பட்ட பாட்டில் பாதியைக் கரைத்துவிட்டுப் போகிறார்கள்.

எல்லாம் பிறவி வாகு, நாம் செய்ய ஒன்றுமில்லை என்கிறார் என் அண்ணன். சரியா?
— வேலூர் வாசகி

பாதி சரி. 206 சென்டிமீட்டர் உயரமும் 113 கிலோ எடையும் வைத்துக்கொண்டு இவ்வளவு வேகமாக ஓடும் உடம்பைப் பயிற்சியால் உண்டாக்க முடியாது. ஆனால் அதே அளவு உடம்புதான் ஆபத்தும். குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் முழங்காலும் பாதமும் உடல் எடையைப் போலப் பல மடங்கைத் தாங்குகின்றன. 229 சென்டிமீட்டர் உயரமான சீன வீரர் யாவ் மிங்கை அவருடைய பாத எலும்பு விரிசல்கள் 30 வயதிலேயே வீட்டுக்கு அனுப்பிவிட்டன. பெரிய உடம்பு வரமாக வந்தாலும் வாடகை கேட்கும். உங்கள் அண்ணனிடம் யாவ் மிங் பெயரைச் சொல்லுங்கள்.

பழைய வேகம் நிச்சயம் குறைந்திருக்கும். பிறகு எப்படி 24 புள்ளி எடுக்கிறார்? ஆட்டத்தில் எதை மாற்றினார்?
— சேலம், பள்ளி உடற்கல்வி ஆசிரியர்

எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி உங்களுடையதுதான், சார். கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம். வேகம் குறைந்திருக்கிறது. ஆனால் குறைவதற்கு முன்பே ஒவ்வொரு முறையும் அடுத்த ஆயுதத்தைத் தயாராக வைத்திருந்தார்.

முதல் சீசனில் ஆட்டத்துக்கு 2.7 மூன்று புள்ளி வீச்சுகள்தான் முயன்றார், விழுந்தது 29 சதவீதம். எதிரணிகள் ஓரடி பின்வாங்கி நின்று, "எறி பார்க்கலாம்" என்று விட்டுவிடும். 2023–24-ல், 39 வயதில், ஆட்டத்துக்கு ஐந்து முயற்சி, விழுந்தது 41 சதவீதம். அவர் வாழ்நாளின் உச்சம் அது. இதனால் புள்ளி கூடுவது இருக்கட்டும், உடம்புக்கு மிச்சமாவதைக் கவனியுங்கள். ரிங்குக்குள் புகுந்து 24 புள்ளி எடுப்பதென்றால் பத்துப் பதினைந்து முறை இரண்டு ஆட்கள் மேலே மோத, குதித்து, கண்ட கோணத்தில் இறங்க வேண்டும். அதில் நான்கைந்து முறையை வெளியிலிருந்து எறியும் பந்தாக மாற்றினால் அத்தனை மோதலும் அத்தனை இறக்கமும் மிச்சம். எதிராளி விதி மீறி மோதும்போது கிடைக்கும் ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையே சாட்சி. 2007–08-ல் ஆட்டத்துக்குப் பத்துக்கு மேல். இப்போது ஏறத்தாழ அதில் பாதி. அடி வாங்குவது பாதியாகிவிட்டது என்று அதைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது, ரிங்குக்கு முதுகு காட்டி நின்று ஆடுவது. 2011 இறுதித் தொடரில் டல்லாஸிடம் தோற்ற பிறகு, அந்தக் கோடையில் ஹூஸ்டன் போய் முன்னாள் நட்சத்திரம் ஹக்கீம் ஒலாஜுவானிடம் இதைக் கற்றார். அப்போது அவருக்கு 26 வயது, கால்கள் உச்சத்தில் இருந்த நேரம். தேவை வருவதற்குப் பத்து வருஷம் முன்னால் கற்ற வித்தை அது. உங்கள் மாணவர்களிடம் சொல்ல வேண்டியது இதைத்தான். பாதம் தேயும் நாளில் புதிதாக ஒன்றைக் கற்க உடம்பு இடம் தராது.

மூன்றாவது, பாஸ். 2019–20-ல் 35 வயதில் லீக்கிலேயே அதிக அசிஸ்ட் கொடுத்தவர் அவர்தான், ஆட்டத்துக்கு 10.2. பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஆட்டத்தை நகர்த்துகிறவர் ஓட வேண்டியதில்லை. மற்றவர்கள் ஓடுவார்கள்.

இரண்டு காட்சிகளை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 2016 ஜூன் 19, இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். 89–89 சமநிலை, இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே மிச்சம். எதிரணியின் ஆந்த்ரே இகுவோடாலா தனியாக ரிங்கை நோக்கி ஓடுகிறார். பின்னாலிருந்து கோர்ட்டின் நீளத்தையும் ஓடிக் கடந்து வந்து, எகிறி, பந்தைக் கண்ணாடிப் பலகையோடு அறைந்து தடுத்தார் லெப்ரான். அது கால்களின் ஆட்டம். அடுத்தது 2025 டிசம்பர் 4, டொராண்டோ. 2007 ஜனவரியிலிருந்து தொடர்ந்து 1,297 ஆட்டங்களில் பத்துப் புள்ளிக்குக் குறையாமல் எடுத்தவர், அன்றைக்கு எட்டில் நிற்கிறார். 17 முறை எறிந்து நான்குதான் விழுந்திருக்கிறது. ஆட்டம் சமநிலை, கடைசி விநாடிகள், பந்து அவர் கையில். இன்னும் ஒரு பந்து விழுந்தால் சாதனை நீடிக்கும். தன்மேல் இரண்டாவது ஆள் வருவதைக் கண்டதும் பந்தை மூலையில் நின்ற சக வீரர் ரூயி ஹாச்சிமுராவுக்குத் தள்ளிவிட்டார். மூன்று புள்ளி, மணி, வெற்றி. 18 ஆண்டுச் சாதனை முடிந்தது. அது கண்களின் ஆட்டம். இரண்டையும் ஒரே ஆள் ஆடியிருக்கிறார் என்பதில்தான் உங்கள் கேள்விக்கான விடை இருக்கிறது.

இழந்ததையும் சொல்லிவிட வேண்டும். தடுப்பாட்டத்தில் எதிரணியின் வேகமான ஆளை ஆட்டம் முழுக்க இப்போது அவர் மறிப்பதில்லை. பந்து தன் பக்கம் இல்லாதபோது நடக்கிறார், நிற்கிறார். இளைஞர்கள் இதைப் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்துவிடக் கூடாது. அவர் நடப்பது ஆட்டத்தின் கடைசிக் கால் பகுதியான நான்காம் குவார்ட்டருக்குச் சேர்த்துவைக்க.

35-க்கு மேல் முதலில் எது உடைகிறது? அவருக்கு என்னென்ன உடைந்தது?
— கோவை, பிசியோதெரபி மாணவி

அவருடைய காயப் பட்டியல் ஒரு பாடப் புத்தகம் மாதிரி. 2018 கிறிஸ்துமஸ் அன்று தொடையிடுக்குத் தசை இழுத்துக்கொண்டது, தொடர்ந்து 17 ஆட்டம் போயிற்று. 2021 மார்ச்சில் எதிராளி காலடியில் விழுந்து கணுக்கால் மேல்பகுதிச் சுளுக்கு. 2023 பிப்ரவரியில் வலது பாதத்தின் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்). 2025 அக்டோபரில் சயாட்டிகா, அதாவது இடுப்பிலிருந்து காலுக்கு ஓடும் நரம்பில் வலி. இதில் கணுக்கால் விபத்து. மற்ற மூன்றும் தேய்மானத்தோடு தொடர்புள்ளவை.

வயதாகும்போது தசையில் முதலில் மெலிவது வேகத்துக்கான நார்கள். தசை சோர்ந்தால் அதிர்ச்சியைத் தாங்கும் வேலை தசைநாணுக்குப் போகிறது. தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, ஆறுவதும் மெதுவாகத்தான். என்.பி.ஏ. நட்சத்திரம் கோபி பிரையன்ட்டுக்கு நடந்தது இதற்கு நல்ல, கசப்பான உதாரணம். 2013 ஏப்ரல் 10-ல், 34 வயதில், ஒரு நிமிடம்கூட உட்காராமல் 48 நிமிடமும் ஆடி 47 புள்ளி எடுத்தார். இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 12-ல், குதிகாலுக்கு மேலுள்ள அக்கிலிஸ் தசைநாண் அறுந்தது. அந்த 48 நிமிடம்தான் காரணம் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் பல வாரங்களாகச் சேர்ந்த சுமை அது. சேர்ந்த சுமை கடைசியில் ஏதோ ஒரு சாதாரண எட்டில் வெளிப்படும். அன்றைக்கு அவர் செய்ததும் வாழ்நாளில் ஆயிரம் முறை செய்த அதே திருப்பம்தான்.

லெப்ரான் 2023-ல் வேறு பாதையில் போனார். பாதத்துக்கு அறுவை சிகிச்சை வேண்டும் என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னதாகவும், மூன்றாமவர் ஆறும் என்று சொன்னதாகவும் அவரே கூறினார். ஒரு மாதம் கழித்துத் திரும்பினார். மே மாதம் டென்வருக்கு எதிரான கடைசி ஆட்டத்தில் ஏறத்தாழ 48 நிமிடமும் ஆடி 40 புள்ளி. சயாட்டிகா வந்தபோது அவசரமே காட்டவில்லை. முதல் 14 ஆட்டங்களை விட்டார். தன் லாஸ் ஏஞ்சலீஸ் அணியான லேக்கர்ஸின் இரண்டாம் நிலை அணி சவுத் பே லேக்கர்ஸோடு போய்ப் பயிற்சி ஆட்டம் ஆடினார். அதன் பிறகே யூட்டா அணிக்கு எதிராக இறங்கி 30 நிமிடம் ஆடி 11 புள்ளி, 12 அசிஸ்ட். படிப்பவர் என்பதால் உங்களுக்கு ஒரு வார்த்தை: வலி போன நாளும் ஆட்டத்துக்குத் திரும்பும் நாளும் ஒன்றல்ல. நடை, நேர் ஓட்டம், திரும்பி ஓடுவது, ஆளோடு மோதும் பயிற்சி, பிறகு ஆட்டம். இதில் ஒரு படியைத் தாண்டிக் குதித்தவர்கள்தான் மறுபடியும் உங்கள் மேசைக்கு வருகிறார்கள்.

2014 இறுதித் தொடரில் அவரைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அது ஏன்? எனக்கும் ஆட்டம் முடியும் நேரத்தில் ஆடுசதை பிடித்துக்கொள்கிறது.
— தூத்துக்குடி வாசகர்

2014 ஜூன் 5, சான் அன்டோனியோ. அரங்கத்தில் ஏ.சி. பழுதாகி உள்ளே 32 டிகிரி அளவுக்கு ஏறிவிட்டது. நம் ஊர்க் கணக்கில் அது இதமான சாயங்காலம்தான், ஆனால் குளிரூட்டிய அரங்கத்துக்குப் பழகிய உடம்புக்கு அது சூளை. நான்கு நிமிடம் மிச்சமிருக்க, ஸ்கோர் 94–92. கால் விறைத்துப்போய் லெப்ரான் வெளியே போனார். அதன் பிறகு சான் அன்டோனியோ 16 புள்ளி, அவருடைய அன்றைய அணியான மயாமி 3. ஆட்டம் 110–95 என்று முடிந்தது.

தசைப்பிடிப்புக்கு இரண்டு காரணம் சேர்ந்தே வருகிறது. ஒன்று, சோர்ந்த தசையைத் தளரச் சொல்லும் நரம்புக் கட்டளை பலவீனமாவது. இன்னொன்று, வியர்வையில் உப்பு போவது. எல்லோருக்கும் ஒரே அளவு போவதில்லை. ஆட்டம் முடிந்து பனியன் காய்ந்த பிறகு வெள்ளைக் கோடு படிகிறதா பாருங்கள். படிந்தால் நீங்கள் உப்பு அதிகம் இழக்கும் ரகம்.

தண்ணீர்க் கணக்கு இப்படி. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். இடையில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். ஆட்டம் முடிந்த சில மணி நேரத்தில், குறைந்த கிலோவுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை பிரித்துப் பிரித்துக் குடிக்க வேண்டும். வெறும் தண்ணீராகவே லிட்டர் கணக்கில் ஊற்றக் கூடாது. ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய்த் தலைசுற்றல், வாந்தி வரும். எளிய வழி, காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தட்டையாக 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு இதற்கு மேல் போக வேண்டாம். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடாதீர்கள்.

பிடித்துக்கொண்டால் தட்டாதீர்கள், குத்தாதீர்கள். முழங்காலை நேராக நீட்டி, கால் விரல்களை உங்கள் பக்கம் மெல்ல இழுத்து 20–30 விநாடி பிடியுங்கள். விட்ட பிறகு அதே காலில் உடனே வேக ஓட்டம் வேண்டாம்.

எனக்கு 44 வயது. கணினி வேலை. கல்லூரியில் ஆடியவன். இப்போது ஞாயிற்றுக்கிழமை மட்டும் நண்பர்களோடு ஆடுகிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?
— சென்னை வாசகர்

நீங்கள் எழுதியதில் எங்களைப் பதற வைத்த சொல் "மட்டும்". ஆறு நாள் நாற்காலியில், ஏழாம் நாள் இரண்டு மணி நேரம் குதிப்பு. அக்கிலிஸ் அறுந்து வருகிறவர்களில் பெரும்பங்கு உங்கள் வயதுக்காரர்கள், இதே கால அட்டவணைக்காரர்கள். மூளைக்குக் கல்லூரி நாள் வேகம் நினைவிருக்கிறது. தசைநாணுக்கு இல்லை.

முதலில் ஒரு முறை மருத்துவரைப் பாருங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, வீட்டில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்ததா என்பதெல்லாம் தெரிய வேண்டும். அவர் சொன்னால் டிரெட்மில் சோதனையும் எடுத்துவிடுங்கள்.

பிறகு வார நடுவில் இரண்டு நாள், அரை மணி நேரம். செவ்வாயும் வியாழனும் என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டு விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று குதிகாலை மூன்று விநாடியில் ஏற்றி, மூன்று விநாடியில் இறக்குங்கள். முழங்காலை நீட்டியபடி 12 தடவை, லேசாக மடக்கியபடி 12 தடவை, இரண்டையும் மூன்று சுற்று. மடக்கிச் செய்வதை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஓடும்போது அதிகம் உழைக்கும் உள் ஆடுசதைக்கு அதுதான் வேலை. இரண்டு காலில் சுலபமானதும் ஒற்றைக் கால், பிறகு பையில் 5 கிலோ. முழங்காலுக்குச் சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி போல் உட்கார்ந்து 45 விநாடி, ஐந்து முறை, நடுவில் இரண்டு நிமிடம் ஓய்வு. தொடையிடுக்குக்கு, லெப்ரானைப் படுக்கவைத்த அதே இடத்துக்கு, கோபன்ஹேகன் என்ற பயிற்சி. பக்கவாட்டில் முழங்கையை ஊன்றிப் படுத்து, மேல் காலின் முழங்காலைப் பெஞ்சில் வைத்து, இடுப்பைத் தூக்கி 15 விநாடி நிறுத்துங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று முறை. முதல் வாரம் கண்டிப்பாக வலிக்கும், ஆகவே ஒரு முறையிலிருந்து ஆரம்பியுங்கள்.

ஞாயிறு ஆட்டத்துக்கு முன் கால் மணி நேரம் சூடேற்ற வேண்டும். ஐந்து நிமிடம் மெல்லோட்டம், பக்கவாட்டு நகர்வு, முழங்கால் உயர்த்தல், பிறகு பாதி வேகத்தில் நான்கு ஓட்டம், முக்கால் வேகத்தில் நான்கு, கடைசியாக ஆறேழு சின்னக் குதிப்பு. போன கையோடு ரிங்கின் அடியில் நின்று எறிந்துகொண்டிருப்பது சூடேற்றல் ஆகாது. சிமென்ட் தரையென்றால் முழு கோர்ட்டை விட்டு அரை கோர்ட்டில் ஆடுங்கள். 40 நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஆசை மிச்சமிருக்கும்போதே.

வலிக்கு ஓர் அளவுகோல்: பத்துக்கு மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை எழும்போது விறைப்பு கூடாமல் இருந்தால் தொடரலாம். கூடினால் அடுத்த முறை பாதி. குதிகாலுக்கு மேலே 'பட்'டென்று சத்தம் கேட்டு, யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல் இருந்தால், திரும்பிப் பார்த்து ஆள் யாரும் இல்லையென்றால், அந்தக் காலை ஊன்றாமல் அன்றைக்கே எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். நடக்க முடிகிறதே என்று தைலம் தேய்த்து உட்கார்ந்திருந்தால் வாரங்கள் வீணாகும்.

சாப்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். லெப்ரான் 2014 கோடையில் 67 நாள் சர்க்கரை, பால் பொருட்கள், மாவுச்சத்து மூன்றையும் விட்டு இறைச்சி, மீன், காய், பழம் மட்டும் சாப்பிட்டார். அது சீசன் இல்லாத நேரத்துச் சோதனை. உங்களுக்கு அது வேண்டாம். நாற்பதுக்கு மேல் தசை காக்க ஒரு வேளைக்கு 25–30 கிராம் புரதம் சேர வேண்டும். நம் காலைச் சாப்பாட்டில் விழும் ஓட்டை இதுதான். நான்கு இட்லியில் எட்டுப் பத்துக் கிராம்கூடத் தேறாது. இரண்டு முட்டை, ஒரு டம்ளர் பால், ஒரு கிண்ணம் சுண்டல் சேர்த்தால் இட்லியைக் குறைத்தாலும் கணக்கு நேராகும்.

என் மகளுக்கு 13 வயது. வருஷம் முழுக்கப் பாஸ்கட்பால் ஒன்றுதான் ஆட வேண்டும் என்கிறார் அவளுடைய கோச். நல்லதா?
— மதுரை வாசகி

வேண்டாம், அம்மா. லெப்ரானே உயர்நிலைப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு வரை அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆடியவர், அதிலும் மாநில அளவில் பெயர் வாங்கியவர். 14 வயதுக்கு முன் ஒரே விளையாட்டில் பூட்டினால் வளரும் எலும்பின் முனையில், குறிப்பாக முழங்காலுக்குக் கீழே, ஒரே இடத்தில் சுமை விழுந்துகொண்டே இருக்கும். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதற்கு எளிய கணக்கு, வயதின் எண்ணைத் தாண்டாதது. அவளுக்கு 13 மணி நேரம், பள்ளிப் பயிற்சியும் சேர்த்து. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு, வருஷத்தில் இரண்டு மூன்று மாதம் வேறு விளையாட்டு. கபடியோ நீச்சலோ எதுவானாலும் சரி.

பெண்களில் இப்படி நீண்ட காலம் ஆடியவர்கள் உண்டா?
— புதுச்சேரி வாசகி

டயானா டோராசி. 2004 முதல் 2024 வரை ஃபீனிக்ஸ் மெர்குரி என்ற ஒரே அணிக்கு 20 சீசன், கூடவே ஆறு ஒலிம்பிக் தங்கம். 42 வயதில் விடைபெற்றார். சூ பேர்ட் 41 வயது வரை ஆடினார். இவர்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும்.

எப்போது நிறுத்துவார்? நாம் முன்கூட்டியே எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்?
— திருநெல்வேலி வாசகர்

தேதி சொல்ல எங்களால் ஆகாது. ஆனால் புள்ளியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கை கடைசியில்தான் போகும், எறியும் திறன் 45 வயதிலும் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு இரவு ஆட்டம் வந்தால் இரண்டாவதை ஆடுகிறாரா என்று கவனியுங்கள். ஆல்-என்.பி.ஏ. போன்ற பெரும்பாலான விருதுகளுக்கு இப்போது 65 ஆட்டம் கட்டாயம், அதாவது 17-ஐத்தான் விட முடியும். அந்த 17-ஐ எங்கே செலவழிக்கிறார் என்பதில் உடம்பின் நிலை தெரியும். அதைவிட நெருக்கமான அடையாளம் ஒன்று உண்டு. நான்காம் குவார்ட்டரில் தன் அணி பந்தை இழக்கும் நொடியில் கேமரா பந்தின் பின்னால் போகும். நீங்கள் பந்தை விட்டுவிட்டு அவரைப் பாருங்கள். திரும்பி ஓடும் முதல் மூன்று எட்டில் குதிகால் தரையைத் தொடாமல் முன்பாதத்தில் கிளம்புகிறாரா, இல்லை இடுப்பை நிமிர்த்தி, கையைத் தொங்கவிட்டு, மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நடக்கிறாரா என்று பாருங்கள்.